சேறு இருந்தால்தான் பூநாரை

எண்பதுகளில் சிவ்ரியில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல் என்றால் நீலமும் கிடையாது, மணலும் கிடையாது, வெறும் சேறு. மெரீன் டிரைவும் சௌபாத்தியும் பம்பாயின் மேற்குக் கரை. நாங்கள் கிழக்குக் கரைக்காரர்கள். துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து தண்டவாளத்தைத் தாண்டி, கிடங்குகளையும் பழைய கப்பல்களைப் பழுதுபார்க்கும் இடத்தையும் கடந்தால் படகுத்துறை வரும். கடல் வற்றிய நேரமென்றால் அங்கிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் கறுஞ்சேறு பளபளக்கும். அதற்கப்பால் டிராம்பே மலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகள், அணு உலையின் குவிமாடம். காற்று கிழக்கேயிருந்து அடித்தால் குடியிருப்பில் ஜன்னல்களைச் சாத்திவிடுவார்கள்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர். "அங்கிட்டுப் போவாதல, சேறு ஆளை முழுங்கிரும்" என்று எச்சரித்துக்கொண்டே இருப்பார். அந்தச் சேற்றை மதித்தவர்கள் கோலி மீனவர்கள் மட்டும்தான். தொடையளவு சேற்றில் இறங்கி நண்டும், ‘நிவ்டி’ என்று அவர்கள் சொல்லும் துள்ளுமீனும் பிடித்து வருவார்கள். மற்றவர்களுக்கெல்லாம் அது ஊர்ச் சாக்கடை போய்ச் சேரும் இடம். நகரம் கழித்துக் கட்டியதையெல்லாம் அந்தச் சேறு கிடக்கும் தாணே உப்பங்கழி வாங்கிக்கொண்டது. அதற்காக அதை யாரும் நன்றியோடு நினைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தச் சேற்றில் பூநாரைகள் இறங்கின.

முதலில் படகுத்துறைத் தொழிலாளர்கள்தான் சொன்னார்கள். பிறகு குடியிருப்பிலிருந்து ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தோம். எண்ணெய்ப் படலம் மிதக்கும் தண்ணீருக்கும் துருப்பிடித்த கப்பலுக்கும் நடுவே வெளிர்சிவப்பாக ஒரு கூட்டம், தலையைக் கவிழ்த்துக்கொண்டு மேய்ந்தது. அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம கூந்தன்குளத்துப் பூநாரைல்லா? இங்க எப்பிடிவே வந்துச்சு?" என்று பக்கத்தில் நின்ற ஊர்க்காரரைக் கேட்டார்.

கூந்தன்குளம் அப்பாவின் ஊருக்குப் பக்கத்துக் குளம். அங்கே பறவைகள் தெருப் புளியமரத்தில்கூடக் கூடு கட்டும். குஞ்சுகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள். பறவை எச்சம் ஊறிய குளத்து வண்டலைக் கோடையில் வெட்டி வயலுக்கு அடிப்பார்கள். அந்த மண்ணுக்குத் தனி மதிப்பு. பறவை வேறு, மண் வேறு என்று அந்த ஊர்க்காரர்கள் பார்த்ததே இல்லை. அப்பா அன்றைக்குச் சேற்றைப் பார்த்த பார்வை மாறியது. ஓய்வு பெற்ற பிறகு குளிர்காலம் வந்தால் படகுத்துறைக்குப் போவது அவருக்கு வாடிக்கையாகிவிட்டது. அங்கிருந்த ஒரு கோலிப் பெரியவர் எங்கள் இருவருக்கும் நேரம் சொல்லிக் கொடுத்தார். "பர்தி ஏறும்போது வாங்க. தண்ணீர் தள்ளத் தள்ளப் பறவை கரைப்பக்கம் வரும். ஓட்டியில் வந்தால் அது எங்கேயோ நிற்கும், நீங்கள் எங்கேயோ நிற்பீர்கள்." பர்தி என்றால் ஏற்றம், ஓட்டி என்றால் வற்றம். இன்றைக்கும் பூநாரை பார்க்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டல் கிடையாது.

உலகத்தில் பூநாரை ஆறு வகை. இந்தியாவில் இரண்டு. கூந்தன்குளத்துக்கும் கோடியக்கரைக்கும் தனுஷ்கோடிக்கும் வருவது பெரும்பாலும் பெரிய பூநாரை. நான்கு அடிக்கு மேல் உயரம், வெள்ளை உடம்பு, நுனி மட்டும் கறுத்த வெளிர்சிவப்பு அலகு. மும்பைக் கழிக்கு வருவதில் பெரும் பகுதி சிறிய பூநாரை. மூன்றடி உயரம்தான், ஆனால் நிறம் ஆழம், அலகு கருஞ்சிவப்பு. இரண்டும் ஒரே சேற்றில் நிற்கும், தீனிக்குச் சண்டை வராது. பெரியது தண்ணீருக்குள் கழுத்துவரை அமிழ்த்தி, காலால் சேற்றை மிதித்துக் கலக்கிப் புழு, சிப்பி, சிற்றிறால், விதை என்று எடுக்கும். சிறியது தண்ணீரின் மேல்பரப்பைத் தாண்டி ஆழம் போவதில்லை. அதற்கு வேண்டியது கண்ணுக்குத் தெரியாத பாசி.

கழிக்கரையிலுள்ள ஐரோலியில் வனத்துறையின் படகில் போனபோது எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு சிறிய பூநாரையின் அலகை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். தலை முழுக்கக் கவிழ்ந்திருந்தது. மேல் அலகு கீழேயும் கீழ் அலகு மேலேயும். அந்த நிலையில் அது தலையை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடந்தது. அலகின் ஓரத்தில் சன்னமான நீர்த்தாரை விட்டுவிட்டுப் பீய்ச்சியது. வாய்க்குள் தடித்த நாக்கு ஓயாமல் முன்னும் பின்னும் போய்த் தண்ணீரை இழுத்துத் தள்ளுவதன் அடையாளம் அது. அலகின் உள்விளிம்பில் மயிரிழை போன்ற தகடுகள் வரிசையாக இருக்கின்றன. மாவு சலிக்கிற மாதிரி அவை தண்ணீரை விட்டுப் பாசியை நிறுத்திக்கொள்கின்றன. மற்றப் பறவைகளுக்குக் கீழ் அலகுதான் பெரிதும் அசையும். பூநாரைக்குத் தலைகீழாக நின்று தின்னவேண்டியிருப்பதால் மேல் அலகு நன்றாக அசைகிற மாதிரி அமைந்திருக்கிறது.

அது வெறுமனே சலிப்பதோடு நிற்கவில்லை என்று 2025-ல் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்தது தென்னமெரிக்காவின் சிலி பூநாரையை. தலையைச் சட்டென்று மேலே இழுப்பதும், அலகை நொடிக்குப் பன்னிரண்டு முறை போலப் படபடவென்று அடிப்பதும், காலால் மிதிப்பதும் தண்ணீருக்குள் சிறுசிறு சுழல்களை உண்டாக்குகின்றன. அந்தச் சுழலில் அடிச்சேற்றுத் துகளும் தப்பியோடும் சிற்றுயிரும் அலகை நோக்கி இழுபட்டு வருகின்றன. ஆக, பூநாரை இரைக்காகக் காத்து நிற்பதில்லை. தண்ணீரையே ஏவி இரையை வரவழைக்கிறது.

நிறமும் அந்த இரையிலிருந்து வருவதுதான். பாசியிலும் இறாலிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளைப் பறவையின் உடல் மாற்றி இறகுக்கும் தோலுக்கும் அனுப்புகிறது. குஞ்சு சாம்பல் நிறத்தில் பிறக்கிறது; அலகும் நேராகத்தான் இருக்கும், பிறகே வளையும். முழு நிறம் வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். தாயும் தந்தையும் குஞ்சுக்கு ஊட்டுவது தொண்டைப் பையிலிருந்து சுரக்கும் சிவந்த பால். கொழுப்பும் புரதமும் நிறைந்த அந்தப் பாலோடு பெற்றவர்களின் நிறமும் சேர்ந்து போகிறது. வளர்த்து ஆளாக்கும் காலத்தில் அவை வெளுத்தே விடுகின்றன.

ஒற்றைக்கால் நிற்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு காலில் நிற்கத்தான் அதிகப் பலம் வேண்டும் என்று நமக்குத் தோன்றும். அமெரிக்காவின் இரண்டு ஆய்வாளர்கள் 2017-ல் இறந்த பூநாரைகளின் உடலை வைத்துச் சோதித்தார்கள். ஒற்றைக்காலில் சரியான சாய்வில் வைத்தால் தசையின் பிடிப்பே இல்லாமல் அது நின்றது. இரண்டு காலில் அப்படி நிற்கவில்லை. எடையே மூட்டைப் பூட்டிவிடுகிறது. மணிக்கணக்காக நின்று தூங்க அதற்கு எந்தச் சிரமமும் இல்லை. முழங்கால் பின்பக்கம் மடிவதாக நாம் நினைப்பது உண்மையில் கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது.

இப்படிப்பட்ட பறவை ஏன் சிவ்ரிக்கு வந்தது என்ற அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். நகரத்துச் சாக்கடையில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏராளம். அவை உப்பங்கழியில் கலந்ததும் பாசி பெருகியது. பாசி பெருகியதும் அதைத் தின்னும் பறவை வந்தது. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்ட அதே சேறு குஜராத்தின் உப்புச் சமவெளியிலிருந்து பறவைகளை அழைத்தது. வரவர எண்ணிக்கை கூடி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கணக்கெடுப்புகளில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. இரண்டு கோடி மக்கள் வாழும் பெருநகரத்தின் நடுவில் இது நடந்தது.

அதனால் சாக்கடையை அப்படியே விடுவது நல்லது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அளவு மீறினால் தண்ணீரில் பிராணவாயு குறைந்து மீன் சாகும். தொழிற்பேட்டைக் கழிவின் உலோகங்கள் சேற்றில் தங்கும். கோலி மீனவர்களின் வலை வெறுமையானதற்கும் அந்தச் சாக்கடையே பெரிய காரணம். பறவைக்குப் பாசி கொடுத்த அதே தண்ணீர் மீனவரின் சோற்றைப் பறித்திருக்கிறது.

இப்போது நான் இருப்பது கழிக்கு அந்தப் பக்கம், நவி மும்பையின் நேருளில். இந்த ஊர் தன்னைப் பூநாரை நகரம் என்று அழைத்துக்கொள்கிறது. சாலைச் சந்திப்புகளில் இரும்புப் பூநாரைகள், பாலத்தூண்களிலும் மதில்களிலும் ஓவியப் பூநாரைகள். ஜனவரியிலிருந்து மே வரை ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பம் குடும்பமாக வந்து பார்க்கிறார்கள். எங்கள் குடியிருப்புத் தமிழ்ப் பெண்கள் விடியற்காலை நடைக்குப் போய்விட்டு, "இன்னைக்கு ஏரி நிறைய உக்காந்திருக்குண்ணா, போய்ப் பாருங்க" என்று சேதி சொல்கிறார்கள். ஒரு பறவைக்காக மக்கள் இப்படித் திரண்டு வருவது பெரிய சந்தோஷம். அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் நடுவே நிகழ்ந்திருக்கும் மாற்றம் என் நெஞ்சை அரிக்கிறது. சேறு பரந்து கிடந்தபோது பறவை இல்லை. பறவையை ஊரே கொண்டாடும்போது சேறு சுருங்கிக்கொண்டிருக்கிறது.

பூநாரைக்கு ஒரு நாளில் இரண்டு வகை இடம் வேண்டும். கடல் வற்றியதும் கழியின் திறந்த சேற்றில் மேயும். ஏற்றம் வந்து சேறு முழுகியதும் அதற்கு நிற்க இடமில்லை. பக்கத்தில் ஆழமில்லாத ஏரியையோ ஈரநிலத்தையோ தேடிப் பறக்கும். அங்கே நின்று இளைப்பாறி, மறுபடி வற்றியதும் கழிக்குத் திரும்பும். நேருள், சீவுட்ஸ், உரண் பக்கமுள்ள ஏரிகளும் சதுப்புகளும் அந்த இரண்டாவது வீடு. இரவானாலும் பகலானாலும் இந்தப் போக்குவரத்து கடலின் கடிகாரப்படி நடக்கிறது.

2015-ல் மகாராஷ்டிர அரசு தாணே உப்பங்கழிப் பூநாரைச் சரணாலயத்தை அறிவித்தது. 2022-ல் அது ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. இரண்டுமே பெரிய காரியங்கள். ஆனால் அந்தச் சரணாலயம் ஐரோலிப் பாலத்துக்கும் வாஷிப் பாலத்துக்கும் இடைப்பட்ட 1,690 ஹெக்டேர். நாங்கள் முதலில் பறவையைப் பார்த்த சிவ்ரி அதற்கு வெளியே. ஏற்றக் காலத்தில் அவை வந்து நிற்கும் நேருள், சீவுட்ஸ் ஏரிகளும் வெளியே. மேயும் இடத்துக்கு ஓரளவு காவல் கிடைத்தது. இளைப்பாறும் இடம் கட்டடம் கட்டுவோர் கண்ணில் மனையாகவே இருந்தது. அதில் ஒரு சதுப்பு நிலத்தில் கோல்ஃப் மைதானமும் குடியிருப்பும் போடத் திட்டம் வந்தது. குடிமக்கள் வழக்குப் போட்டார்கள். 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதற்கான அரசாணையை ரத்து செய்தது. அவர்கள் போராடியிருக்காவிட்டால் அந்த இடம் இன்றைக்குப் புல்தரையாகியிருக்கும்.

2024-ம் ஆண்டை என்னால் மறக்க முடியாது. அந்த ஜனவரியில் சிவ்ரியையும் நவி மும்பையையும் இணைக்கும் அடல் சேது திறக்கப்பட்டது. ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளம். அப்பா நின்று பார்த்த அதே சேற்றின் மேலாகத்தான் அது தொடங்குகிறது. பறவைகளுக்காக அந்தப் பக்கம் ஒலித்தடுப்புச் சுவர் வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு யோசித்ததை வரவேற்கிறேன். ஏப்ரலில் சீவுட்ஸ் பக்கத்து ஏரி ஒன்றில் பூநாரைகள் செத்து விழ ஆரம்பித்தன. கடல்நீர் ஏறி இறங்க அந்த ஏரிக்கு இருந்த வழிகள் அடைபட்டுப் போயிருந்தன. ஏரி வறண்டது, தண்ணீர் கெட்டது. அங்கே போய் நின்றேன். வெடித்த சேற்றின் விளிம்பில் ஒரு பறவை கழுத்தைத் தூக்க முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தது. பறவை ஆர்வலர் ஒருவர் சாக்குத் துணியால் அதைப் பதமாகச் சுற்றி எடுத்துப் போனார். சற்றுத் தள்ளிச் சுவரில் ஊர் வரைந்து வைத்த ஓவியத்தில் அதே பறவை சிறகு விரித்துக்கொண்டிருந்தது.

மே 20-ம் தேதி இரவு காட்கோபர் மேலே, தரையிறங்க வந்த ஒரு விமானம் பூநாரைக் கூட்டத்தின் மீது மோதியது. 39 பறவைகள் இறந்தன. நெடுந்தூரப் பயணத்தைப் பூநாரைகள் பெரும்பாலும் இரவில்தான் மேற்கொள்ளும். நவி மும்பையிலும் 2025-ல் விமான நிலையம் திறந்தாயிற்று. விமானத்துக்கும் பறவைக்கும் ஒரே வானம் என்னும்போது, எந்த ஏரியை மூடினால் கூட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்று கணக்கிடுவது விமானப் பயணிகளின் பாதுகாப்புக்கும் தேவையான வேலை.

ஆபத்து மனையாக மட்டும் வருவதில்லை, பச்சையாகவும் வருகிறது. வண்டல் படியப் படிய அலையாத்திக் காடு கழிக்குள் முன்னேறித் திறந்த சேற்றை மூடுகிறது. அலையாத்தி கரையைக் காக்கும், மீனுக்குத் தொட்டிலாகும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் பூநாரையால் மரத்துக்கு நடுவே மேய முடியாது. கன்று நட இடம் தேடுகிறவர்கள் வெறும் சேற்றைப் பார்த்ததும் அதைக் காலி இடம் என்று எண்ணிவிடுகிறார்கள். காலி இடம் இல்லை அது. ஒவ்வொரு வற்றத்திலும் லட்சம் பறவைக்குப் பந்தி விரிக்கும் இடம்.

நல்லதும் நடக்கிறது. 2022-ல் இயற்கை வரலாற்றுக் கழகம் ஆறு பூநாரைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, அவை குஜராத்துக்குப் போய் வரும் வழியைப் பின்தொடர்ந்தது. பறவைகள் செத்த அந்த ஏரியை 2025-ல் பாதுகாப்புக் காப்பகமாக்க மாநில அரசு முடிவெடுத்தது. அதே ஆண்டு ஜூனில் தமிழ்நாட்டு அரசு தனுஷ்கோடியில் பெரிய பூநாரைச் சரணாலயத்தை அறிவித்தது. இரண்டு செய்தியையும் நாங்குநேரியிலிருக்கும் சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "குளத்துக்குத் தண்ணி வர்ற மடையைப் பாத்துக்கிட்டா போதும்டே, பறவை தன்னால வரும்" என்றார்.

அவர் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். மும்பையில் மடை என்பது கடல்நீர் ஏரிக்குள் வந்துபோகும் குழாயும் வாய்க்காலும். மழைநீர் வடிகாலைத் தூர்வார ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவதுபோல் அவற்றுக்கும் ஒதுக்க வேண்டும். அடைபட்டதா என்று மாதம் ஒருமுறை பார்க்க ஆள் வேண்டும். சரணாலயத்தின் எல்லைக் கோட்டுக்கு வெளியே உள்ள ஏரிகளும் பறவையின் வீடுதான் என்று சட்டம் சொல்ல வேண்டும். சாக்கடையைச் சுத்திகரித்து விட வேண்டும். அது கோலிக்காரர்களுக்கு நாம் பட்ட கடன்.

காட்டில் பூநாரை முப்பது நாற்பது ஆண்டு வாழும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு விலங்குக்காட்சிச்சாலையில் 2014-ல் இறந்த ஒரு பூநாரைக்கு எண்பது வயதுக்கு மேல். நம் நகரத் திட்டங்களோ இருபது ஆண்டுக்குப் போடப்படுகின்றன. இந்தப் பருவத்தில் சாம்பல் நிறத்தோடு முதல்முறையாக வந்திறங்கியிருக்கும் இளம்பறவை, இப்போதைய திட்டம் காலாவதியான பிறகும், அடுத்த திட்டம் முடியும் தறுவாயிலும் இந்தக் கழியைத் தேடி வரக்கூடும். வரைபடத்தில் ஏரி என்று இருப்பதை ஏரியாகவும் சேறு என்று இருப்பதைச் சேறாகவும் விட்டுவைக்க வேண்டும் என்று திட்டம் போடுகிறவர்களிடம் கேட்கிறேன். பூநாரையைக் காக்க இந்த ஊர் செய்யவேண்டிய முதல் வேலை அதுதான்.